கம்பளி போர்த்திய மல்லிகை

காஞ்சீபுரத்துக்கு வரும் யாத்ரீகர்கள் கோபுரங்களைப் பார்க்கிறார்கள். தரிசனம் முடிந்ததும் பட்டுப் புடவைக் கடைகளைப் பார்க்கிறார்கள். இந்த ஊரின் கொல்லைப்புறங்களைப் பார்க்க எவரும் வருவதில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான். மார்கழி விடியற்காலையில் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். வாசலில் கோலம், கோலத்தின் நடுவில் பூசணிப்பூ, உள்ளேயிருந்து தறியின் சப்தம். கொல்லையில் எட்டிப் பார்த்தாலோ கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை, கிணற்றடியில் ஒரு குண்டு மல்லிகைப் புதர். இலைக்கு இலை பனித்துளி முத்துப் போல் நிற்கும்.

நம் வீட்டுக் கொல்லையிலும் மூன்று மல்லிகைச் செடிகள் இருந்தன. நம் தாயார் தம் கையால் வைத்தவை. அவர் காலமாகிப் பல வருஷங்களாகின்றன. பங்குனியில் முதல் பூ மலர்ந்ததும் அவருடைய படத்துக்கு ஒரு சரம் சாத்துவது வீட்டு வழக்கம். “இருந்தன” என்று இறந்த காலத்தில் எழுதும்படி நேர்ந்த கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்ல வந்தோம். இலக்கணம் போதிக்கிற நாம் இந்தக் காலத்தைத் தவறிப் போட்டோமென்று எண்ண வேண்டாம்.

முந்தின வருஷம் அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் குடும்ப சகிதமாய் உதகமண்டலம் போயிருந்தோம். மலை ரயிலைப் பற்றி எழுதாதவர் இல்லையாகையால் நாம் எழுதப் போவதில்லை. மறுநாள் காலையில் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1848-ல் மக்ஐவர் என்னும் தோட்டக்கலை நிபுணர் வந்து அமைக்கத் தொடங்கிய தோட்டம் அது. விஸ்தீரணம் சுமார் 55 ஏக்கர். புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடந்தது. ஆனால் பூக்களைக் காணோம்! பாத்திகளின் மேலெல்லாம் காய்ந்த செடிக் கொத்துகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

“இது கோத்தகிரி மிலாருங்க. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் இப்படி மூடி வைப்போம். மூடாத நாற்று ஒரே ராத்திரியில் கருகிவிடும்” என்றார் அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒருவர். வெயில் ஏறுவதற்குள் புல்வெளிக்குத் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைத்துவிடுவார்களாம்.

உதகை கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மேகமில்லாத இரவில் பூமி தன் சூட்டையெல்லாம் திறந்த வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. காற்றும் அசையாமலிருந்தால் தரையோரத்துக் குளிர் உறைநிலைக்கு இறங்குகிறது. இலைக்குள்ளிருக்கும் நீர் உறைந்து அதன் நுண்ணறைகளைச் சிதைக்கிறது. வெயில் பட்டதும் இலை வெந்ததுபோல் கறுத்துப் போகிறது. மிலார் செடிக்குச் சூடு உண்டாக்குவதில்லை. அது ஒரு கூரை. பூமியின் சூடு வானத்துக்கு ஓடிவிடாமல் தடுக்கிறது. அதன் இடுக்குகளில் காற்று தாராளமாய்ப் போய்வருகிறது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்.

ஊர் திரும்பியதும் நமக்கு ஒரே உற்சாகம். மூன்று மல்லிகைக்கும் வைக்கோல் சுற்றி, கோணிப்பையால் மூடி, அதன் மேல் பழைய கம்பளியையும் போர்த்தினோம். அதுவும் நனையக் கூடாதே என்று பிளாஸ்டிக் தாள் ஒன்றையும் இழுத்துக் கட்டினோம். “நம் ஊரில் செடிக்கு என்ன குளிர்?” என்று வீட்டில் கேட்டார்கள். “ஸ்ரீரங்கத்தில் கைசிக ஏகாதசியன்று பெருமாளுக்கே வஸ்திரம் போர்த்துகிறார்களே!” என்று நாம் பதில் சொன்னோம். வாதத்தில் ஜயித்தது நாம்தான்.

மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தபோது இலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன. தண்டில் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. இரண்டு செடிகளுக்கு அடித்தண்டு கறுத்து, தொட்டால் நசுங்கியது.

அண்டை வீட்டுப் பெரியவர் ஐம்பது வருஷமாய்த் தறியில் உட்கார்ந்தவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “வாத்தியாரய்யா, செடி உங்களிடம் குளிருதென்று சொல்லிச்சா?” என்று கேட்டார். நமக்கு வெட்கமாய்ப் போயிற்று. பிறகு அவர் தம் வீட்டுக்குள் அழைத்துப் போய்க் குழித்தறியைக் காட்டினார். கால் மிதிக்கும் குழியின் சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தக் குழியில் நீர் ஊறும். இழை ஈரம் வாங்கி நெய்ய வராது. வேலை நின்றால் கூலியும் நின்றுவிடும். “2015-லே பெய்த மழையை நினைச்சுப் பாருங்க. என் தறிக்குழியில் நின்ற தண்ணிதான் உங்க செடிக்குழியிலும் நின்றிருக்கும். இந்த வருஷமும் அது வடியறதுக்கு முன்னே மூடிட்டீங்க” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. தை மாதத்தில்கூடக் காஞ்சியில் இரவு வெப்பம் சுமார் 20 டிகிரி. மல்லிகைக்கு அது ஆபத்தேயில்லை. இங்கே எதிரி ஈரந்தான். ஏகாம்பரநாதர் கோயில் தன் பெயரையே ஒற்றை மாமரத்திலிருந்து பெற்றது. அந்த மாமரத்தின் இனத்துக்கும் இதே சங்கடம் உண்டு: பனியும் மூட்டமும் நீடித்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் பற்றுகிறது. நம் முன்னோர்கள் கூதிர், முன்பனி, பின்பனி என்று இக்காலத்தை மூன்றாய்ப் பிரித்திருக்கிறார்கள். அவற்றை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விக்கும் நாமோ, கூதிரின் ஈரம் காயுமுன்னே முன்பனிக்குக் கம்பளி தேடினோம்!

குண்டு மல்லிகைக்கு இந்த மாதங்கள் ஓய்வுக் காலம். நவம்பர்க் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்து, பட்ட கிளைகளையும் இலைகளையும் களைந்து, வெயிலும் காற்றும் உள்ளே புகும்படி விட வேண்டும். தண்ணீரையும் குறைக்க வேண்டும். வேரடியில் மண்ணை மேடாக அணைத்து, நீர் ஓட ஒரு வாய்க்கால் கீறிவிட வேண்டும். தொட்டியில் வைத்த இளங்கன்றுகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றினால் அடைமழைக்குத் தப்பும். போர்வை எதற்கும் வேண்டாம்.

பிழைத்த ஒற்றைச் செடிக்கு இந்தக் கார்த்திகையில் அப்படியே செய்தோம். கத்தரியைப் பிடித்தது பெரியவர். நமக்குக் கை வரவில்லை. மழைக்கு முன் அதன் கிளை ஒன்றை வளைத்து மண்ணில் புதைத்துப் போட்டிருந்த பதியன் வேர் விட்டிருந்தது. அதை வெட்டியெடுத்து அவர் வீட்டுக் கிணற்றடியில் வைத்திருக்கிறோம். ஒருவேளை நம் கொல்லையில் மறுபடியும் ஏதாவது நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் சொன்ன யோசனை அது. தாய்ச்செடி இப்போது வெறும் குச்சியாய் நிற்கிறது. கணுவுக்குக் கணு சிவந்த துளிர் மட்டும் தலைகாட்டியிருக்கிறது. பங்குனிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.