வால்வு இல்லாத வண்டி

செப்டம்பர் 4, 2025, வியாழன்

நேற்று இரவு 11.52க்கு என் போனில் பேங்க் மெசேஜ். எங்கள் ஜாயின்ட் அக்கவுன்ட்டிலிருந்து யுபிஐயில் ஒரு லட்சம் போயிருக்கிறது. முப்பது வருஷம் பேங்கில் குப்பை கொட்டியவளுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு மெசேஜ் வந்தால் தோன்றுவது ஒன்றுதான்: எவனோ ஏமாற்றிவிட்டான். புகார் கொடுக்க நம்பர் தேடிக்கொண்டே ஹாலுக்கு வந்தேன். அவர் டிவி சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நிதியமைச்சரின் பேட்டி திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான். கார் புக் பண்ணிட்டேன்" என்றார், பால் பாக்கெட் வாங்கி வைத்துவிட்டேன் என்பதுபோல.

எலெக்ட்ரிக் கார். வெளிநாட்டுக் கம்பெனி. எல்லாம் சேர்த்து அரைக் கோடியைத் தாண்டும். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாங்கிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

விலை உயர்ந்த எலெக்ட்ரிக் கார்களுக்கு ஜிஎஸ்டியை ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதாம். ஏற்றவில்லை. பழைய 5 சதவீதமே. பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு இந்த மாதம் 22ஆம் தேதியிலிருந்து 40. அதைக் கேட்டதும் கட்டிவிட்டேன் என்கிறார். திங்கட்கிழமை காலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

செப்டம்பர் 6

எழுதி வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். அவருக்குப் பிரிவுபசாரம் நடந்தது போன வெள்ளிக்கிழமை. மாலை, பொன்னாடை, ஆளுயரப் படம். கம்பெனி கார் அவரை வீட்டில் இறக்கிவிட்டுப் போயிற்று. திங்கட்கிழமை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு பால்கனியில் நின்றிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எட்டேகாலுக்கு அதே வெள்ளைக் கார் கேட்டுக்குள் வந்தது. டிரைவர் தம்பி ஒரு கட்டைப்பையைக் கொண்டுவந்து கொடுத்தான். குடை, முதுகுக்கு வைக்கும் குஷன், பழைய கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த ஜெலுசில் பாட்டில்.

"இதெல்லாம் வண்டியில இருந்துச்சு சார். புது சாரை எட்டரைக்கு ஏத்தணும், நான் கெளம்பறேன்."

பதினெட்டு வருஷம் இவரை ஏற்றி இறக்கியவன். காபி குடித்துவிட்டுப் போ என்றேன். இன்னொரு நாள் வருகிறேன் என்றான். இவர் கட்டைப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

செப்டம்பர் 9

புக்கிங் விதிமுறைகளை முழுக்கப் படித்தேன். இவர் படிக்கவில்லை, 'ஏற்கிறேன்' கட்டத்தில் டிக் அடித்ததோடு சரி. கட்டிய பணத்துக்கு வட்டி கிடையாது. டெலிவரி தேதி உத்தேசம்தான். விலை இன்றைய விலை இல்லை, வண்டி கைக்கு வரும் அன்றைய விலை. நாம் ரத்து செய்தால் பிடித்தம் போக மீதி. அவர்களால் தர முடியாமல் போனால் முழுப்பணமும் திரும்ப வரும், எப்போது என்று போடவில்லை.

பேங்கில் போட்டால் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. 2020 பிப்ரவரிக்கு முன்னால் அதுவே ஒரு லட்சமாகத்தான் இருந்தது. கவுன்டரில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன். ஷோரூமில் கிடக்கும் ஒரு லட்சத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. கடையை மூடினால் கடன்காரர்களின் வரிசையில் நாமும் ஒரு கடைசி ஆள். இதைச் சொன்னபோது, "நீ கல்யாணப் பத்திரிகையைக்கூட இப்படித்தான் படிப்பே" என்றார். இப்போதே ரத்து செய்தால் பிடித்தம் ஒன்றும் பெரிதில்லை. வாரக் கடைசிக்குள் பேசி முடிக்க வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

ஷோரூம். ரத்து செய்யலாம் என்று பேசத்தான் நானும் கூடப் போனேன்.

விற்பனைப் பையனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். வாக்கியத்துக்கு இரண்டு 'சார்' போட்டான். கதவு மூடுகிற சத்தத்தைக் காட்டினான், கூரைக் கண்ணாடியைக் காட்டினான், பின்சீட்டில் என்னை உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னான். இவர் எதையும் கவனிக்கவில்லை. "பானட்டைத் திற தம்பி" என்றார்.

"உள்ள பாக்க ஒண்ணும் இல்ல சார்."

"பரவாயில்லை, திற."

திறந்தான். கறுப்பு பிளாஸ்டிக் மூடி. ஒரு ஓரத்தில் தடித்த ஆரஞ்சு கேபிள் மட்டும் எட்டிப்பார்த்தது. அது ஹை வோல்டேஜ், தொடக்கூடாது என்றான் பையன். இவர் குனிந்து பார்த்தார். பிறகு கையை அந்த மூடிக்கு ஒரு விரற்கடை மேலே விரித்துப் பிடித்தார், சூடு இருக்கிறதா என்று பார்ப்பவர்போல. வண்டி காலையிலிருந்து அங்கேயே நிற்கிறது, என்ன சூடு இருக்கும்.

முப்பத்தைந்து வருஷம் இவர் செய்தது என்ஜின் வால்வு. சாதாரண நாலு சிலிண்டர் என்ஜினில் பதினாறு இருக்கும். நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் 3,000 முறை திறந்து மூட வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரிக்கு மேல் காயும். அந்தச் சூட்டைக் கீழே கடத்துவதற்காகத் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் அடைப்பார்கள். கல்யாணமான புதிதில் மெரினாவில் உட்கார்ந்து எனக்குச் சொன்ன காதல் வசனம் இது. இந்த வண்டியில் வால்வு ஒன்றுகூடக் கிடையாது.

"மெயின்டெனன்ஸே இல்ல சார், என்ஜின் ஆயில்கூட மாத்த வேணாம்" என்று பையன் அடுக்கிக்கொண்டே போனான். "ஆமா, ஆமா" என்றார் இவர். காபி வந்தது. படிவம் நிரப்பும்போது பையன் கேட்டான்: "சார் எங்க ஒர்க் பண்றீங்க?"

கம்பெனி பெயரைச் சொன்னார். "ஜெனரல் மேனேஜரா இருக்கேன்."

நான் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். ரத்து பற்றிப் பேசவில்லை.

செப்டம்பர் 14

இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. பேச்சும் இல்லை.

செப்டம்பர் 28

மகள் சியாட்டிலிலிருந்து ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டாள். அப்பாவிடம் நேரில் சொல்லப் பயம், எல்லாம் என்னிடம். டெஸ்லா 2017 நவம்பரில் புது ரோட்ஸ்டரைக் காட்டி ஐம்பதாயிரம் டாலர் வாங்கிப் பதிந்தது, இன்றுவரை ஒருவர் கையிலும் சாவி வரவில்லை. ஃபிஸ்கர் என்று ஒரு கம்பெனி 2024 ஜூனில் திவால் மனு போட்டது. இந்தியாவிலிருந்தே 2016இல் ஆயிரம் டாலர் கட்டி மாடல் 3க்குக் காத்திருந்தவர்கள் உண்டு. டெஸ்லா மும்பையில் கடை திறந்தது இந்த ஜூலையில். வந்தது மாடல் ஒய், விலை 60 லட்சத்தைத் தொட்டுக்கொண்டு.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பத்தாறு. "உங்க மாமா சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டினப்ப இவன் மூணாங்கிளாஸ். வண்டி வந்தப்ப ஒன்பதாங்கிளாஸ். நடுவுல ரெண்டு வீடு மாறிட்டோம். மாமா போஸ்ட்மேனைப் பாத்தா எழுந்து நிப்பார். வண்டி வந்த அன்னிக்கு மனுஷன் ஒரு மாதிரி ஆயிட்டார், சாயங்காலம் சாப்பிடவே இல்ல."

"ஏன் அத்தை?"

"யாருக்குத் தெரியும்" என்று முறுக்கை நொறுக்கிப் பாலில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பூஜைக்கு வண்டி இல்லை. என் பழைய ஸ்கூட்டிக்கு மாலை போட்டோம். புக்கிங் ரசீதைப் பிரின்ட் எடுத்து லேப்டாப்புக்கு அடியில் வைத்திருந்தார், எனக்குத் தெரியாது என்ற நினைப்பில். அவர் குளிக்கப் போனபோது அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன்.

அக்டோபர் 14

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஷோரூம் பையனின் போன் வரும். "சார், அலாட்மென்ட் ப்ராசஸ்ல இருக்கு சார்." அவ்வளவுதான் விஷயம். இவர் அதற்குப் பத்தேமுக்காலுக்கே லுங்கியிலிருந்து பேன்ட்டுக்கு மாறிவிடுகிறார். ரிங்டோன் மூன்று முறை அடித்த பிறகு எடுத்து, "யெஸ், சொல்லுங்க" என்கிறார். ஆபீஸ் குரல். ஆகஸ்டு வரை இந்த போன் சாப்பிடவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இன்று வந்த மற்ற அழைப்புகள்: கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒன்று, கூரியர் ஒன்று.

எடுக்க முடியாத நேரத்தில் பையன் என் நம்பருக்கும் அடிப்பான். இன்று அடித்தான். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எடுத்தேன். வீட்டில் சார்ஜர் மாட்ட என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20

தீபாவளி. டிரைவர் தம்பி போனில் வாழ்த்துச் சொன்னான். "புது வண்டி வந்ததும் நம்மகிட்டயே வந்துடறியா?" என்று இவர் கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெடிச் சத்தம் மட்டும் கேட்டது. "அங்க பி.எஃப். இருக்கு சார்... பையன் காலேஜ் வேற..." சரி சரி என்று இவரே பேச்சை மாற்றினார். அதற்குப் பிறகு அதிரசம் தொடவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அசோசியேஷன் மீட்டிங். அவர் வரவில்லை, எனக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சொல்லிவிட்டார். நான் போனேன்.

சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் இந்த பேட்டரி நிறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். த்ரீ ஃபேஸில் 11 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் ராத்திரி போட்டுக் காலையில் எடுக்கலாம். அதற்குத்தான் எங்கள் மீட்டரிலிருந்து பேஸ்மென்ட் பார்க்கிங் வரைக்கும் கேபிள் இழுக்க அனுமதி கேட்டேன். 2019இல் திருத்திய மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் பார்க்கிங்கில் ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்கு சார்ஜிங் வசதி சொல்லியிருக்கிறது. எங்கள் கட்டடம் 2006. அப்போது லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருந்ததே பெரிய விஷயம்.

செயலாளர் தீப்பிடிக்கும் என்றார். பொருளாளர் லோடு தாங்காது என்றார். இரண்டாம் மாடிக்காரர், "ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார். கேட்கட்டுமே, கேட்கத்தானே வேண்டும். சொந்த வீட்டு இணைப்பிலிருந்தே வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்ற மின்துறை அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதலைப் பிரின்ட் எடுத்துப் போயிருந்தேன். மூன்று காப்பி. யாரும் படிக்கவில்லை. முதல் மாடி மாமா மட்டும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னார்: "ரிட்டயர் ஆன மனுஷனுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய வண்டி? கோயிலுக்குப் போக ஓலா போதாதா?"

இரண்டு மாதமாக நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவரும் சொன்னார். எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "அவர் என்ன வண்டி ஓட்டணும்னு நீங்க சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஹாலே கப்சிப். அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்று முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்றார்.

"தந்துடுவாங்க" என்றேன்.

நவம்பர் 18

கணக்கு. இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 20 சதவீதம். எலெக்ட்ரிக்குக்கு முழு விலக்கு, ஆனால் 2023 கொள்கைப்படி அது இந்த டிசம்பர் 31 வரைக்கும்தான். அரைக் கோடிக்கு 20 சதவீதம் பத்து லட்சம். ஜனவரி 1ஆம் தேதி பதிவானால் அந்தப் பத்து லட்சத்தை யார் கட்டுவது? இரவு மூன்று மணிக்கு எழுந்து இதைப் போட்டுப் பார்த்தேன். விலையில் 1 சதவீதம் டிசிஎஸ் வேறு பிடிப்பார்கள், அது ரிட்டர்னில் திரும்ப வந்துவிடும், அதற்குக் கவலையில்லை.

டிசம்பர் 2

டிட்வா புயல் கரைந்த பிறகும் மழை விடவில்லை. வேளச்சேரி மேம்பாலத்தில் வழக்கம்போல் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் பேஸ்மென்ட்டில் கணுக்கால் தண்ணீர். சார்ஜர் மாட்ட நான் கேட்ட தூணில் ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. இவர் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நாலடிக்கு மேல மாட்டிட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு காகிதத்தில் ஸ்கேல் வைத்துப் படம் போட்டார். பிராக்கெட், கேபிள் போகும் பாதை, அளவுகள் மில்லிமீட்டரில். சாயங்காலம் முழுக்கக் கரன்ட் இல்லை, மெழுகுவத்தி வைத்துக்கொண்டு போட்டார்.

டிசம்பர் 10

பையன் வேறு ஷோரூமுக்கு மாறிவிட்டான். நேற்று புதிதாக ஒரு பெண் பேசினாள். "அங்கிள், உங்க வண்டி இயர் எண்டுக்குள்ள ட்ரை பண்றோம் அங்கிள்." இவர் போனை வைத்துவிட்டுப் பேன்ட்டிலிருந்து லுங்கிக்கு மாறினார். சிரிப்பும் வந்தது, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்றும் இருந்தது. ஒரு வார்த்தைதான் கேட்டேன். இனி 'சார்' என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். இவருக்குத் தெரிய வேண்டாம்.

டிசம்பர் 15

அசோசியேஷன் மீட்டிங் மழையால் தள்ளிப்போய் ஜனவரி என்கிறார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் "ட்ரான்சிட்" என்கிறாள் அந்தப் பெண்.

நாளை ஆர்டிஓ ஆபீஸ் போக வேண்டும். வரி விலக்குக்கு பில் தேதி கணக்கா, பதிவுத் தேதி கணக்கா என்று கேட்க வேண்டும். இவருடைய லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன், அறுபது முடிந்த அன்றே காலாவதியாகியிருக்கிறது. புதுப்பிக்க டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்கணும். கடைசியாக எப்போது ஸ்டீயரிங் பிடித்தார் என்று அவருக்கும் ஞாபகமில்லை. டிரைவிங் ஸ்கூலில் பழகினவர்களுக்கென்று பத்து நாள் கிளாஸ் இருக்கிறதாம், நானும் சேர்ந்தால் கட்டணத்தில் குறைப்பார்கள். காலையில் ஒன்பதரைக்குள் போனால் டோக்கன் கிடைக்கும். ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.