வை-ஃபை: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஏப்ரல் 22, சாயங்காலம் ஆறரை மணி. குஜிலியம்பாறையில் கரண்ட் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தது. பி.காம். கடைசி வருஷம் படிக்கும் ஒரு பெண்ணின் கையில் இருந்த போன், அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த அப்டேட்டை முடித்துக்கொண்டு மெதுவாகக் கண் திறந்தது. வை-ஃபை பெயருக்குக் கீழே ஒரு வரி: "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை."

வேறொரு நாளாக இருந்தால் போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டுப் போயிருப்பாள். அன்றைக்கு முடியாது. அப்பாவுக்குப் போர்வெல் மோட்டார் உதிரி சாமான் கடை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டும். தமிழ்நாட்டில் காலாண்டுக் கணக்கு போடுகிறவர்களுக்கு ஜனவரி-மார்ச் கணக்கின் கடைசி நாள் ஏப்ரல் 22. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. பி.காம். படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கும்போது ஆடிட்டருக்கு எதற்குத் தண்டம் என்பது எல்லா வீட்டு நியாயம்தானே! மூன்று மாத விற்பனைக் கணக்கும் அவள் போனில் ஒரு ஷீட்டாக இருந்தது. அந்தப் போனில் மட்டும்தான் இருந்தது. (காமர்ஸ் மாணவர்கள் யாரும் சிரிக்க வேண்டாம். உங்கள் போனிலும் அப்படித்தான் இருக்கும்.)

அப்டேட்தான் கெடுத்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். காலையில் வேலை செய்தது, அப்டேட் போட்டதும் நின்றுபோனது, வேறென்ன சாட்சி வேண்டும்? அடுத்து இரண்டு காரியம் செய்தாள். அந்த வை-ஃபையை "மறந்துவிடு" என்று சொன்னாள். அதிலும் திருப்தியில்லாமல் நெட்வொர்க் செட்டிங்ஸ் மொத்தத்தையும் ரீசெட் அடித்தாள். பிறகு பாஸ்வேர்டைச் சரியாக அடித்துப் பார்த்தாள். இப்போது வேறு வரி வந்தது: "இணைக்க முடியவில்லை."

கொஞ்சம் நில்லுங்கள். முதலில் வந்ததும் இப்போது வந்ததும் ஒரே புகார் அல்ல. அவள் அன்றைக்குத் தவறவிட்டது இதைத்தான்.

"இணைக்கப்பட்டது, இணையம் இல்லை" என்றால் போனுக்கும் ரவுட்டருக்கும் சண்டை எதுவும் இல்லை, ரவுட்டரைத் தாண்டி ஏதோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். போனுக்கு இது எப்படித் தெரிகிறது? வை-ஃபையில் சேர்ந்ததும் அது தன் கம்பெனியின் சர்வருக்குச் சின்னதாக ஒரு குரல் கொடுத்துப் பார்க்கும். பதில் வந்தால் இணையம் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. இந்தக் குரல் விவகாரத்தில் ஆப்பிளே ஒரு தடவை மாட்டிக்கொண்டது. 2012 செப்டம்பர் 19 அன்று ஐஓஎஸ் 6 வெளியானது. அப்டேட் போட்ட பலருக்கு வை-ஃபை வேலை செய்யவில்லை. போன் தேடிப் போன அந்தச் சின்னப் பக்கம் ஆப்பிளின் தளத்தில் காணாமல் போயிருந்ததுதான் காரணம். போன் நல்ல போன், ரவுட்டர் நல்ல ரவுட்டர், கதவைத் திறக்க வேண்டியவர் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். பக்கத்தைத் திரும்ப வைத்ததும் சரியாகிவிட்டது. அதற்குள் எத்தனை பேர் போனை ரீசெட் அடித்தார்களோ!

குஜிலியம்பாறைக் கதையில் ஆப்பிள் எல்லாம் இல்லை. கரண்ட் வந்து இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. ரவுட்டர் எழுந்ததும் வை-ஃபை பெயர் தெரிந்துவிடும். ஆனால் ஃபைபர் லைன் உயிர் பெற இன்னும் சில நிமிஷம் பிடிக்கும். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அவள் டீ போடவில்லை, ரீசெட் போட்டாள்.

அதற்குப் பிறகு, மொபைல் டேட்டாவில் "அப்டேட்டுக்குப் பின் வை-ஃபை பிரச்சினை" என்று தேடி வரிசையாக வீடியோ பார்த்தாள். அன்றைய ஒன்றரை ஜிபியும் காலி. ஏழரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு மொபைல் கடைக்குப் போனாள். கடைக்காரர் போனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாஃப்ட்வேர் ப்ராப்ளம் பாப்பா. ஃபுல் ரீசெட் அடிச்சா சரியாயிரும். குடுங்க, பத்து நிமிசம்."

நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். "அதுல கணக்கு இருக்குண்ணா."

"எல்லாம் போயிரும்ல... அப்ப எடுத்து வச்சுட்டு வாங்க."

இந்த இடத்தில் அந்தக் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். நெட்வொர்க் ரீசெட் என்பது வேறு, ஃபுல் ரீசெட் என்பது வேறு. முன்னது வை-ஃபை பாஸ்வேர்டு, புளூடூத் ஜோடிகள் போன்றவற்றை மட்டும் அழிக்கும். பின்னது போட்டோ முதல் கணக்கு வரை எல்லாவற்றையும் துடைத்துவிடும். "கொடு, அடிக்கிறேன்" என்று சொல்கிற கைகள் பலவற்றுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

ஒன்பது மணிக்கு அப்பா கடை சாத்திவிட்டு வந்தார். திண்ணையில் உட்காரும் முன்பே அவர் பையில் இருந்த போன் டிங் டிங் என்று வாட்ஸப் செய்திகளை இறக்க ஆரம்பித்தது. அதே வீடு, அதே வை-ஃபை! அம்மாவிடம் இருப்பது பட்டன் போன் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அதுவரை இன்னொரு போன் இல்லாமல் போயிருந்தது. ஷீட்டை புளூடூத்தில் அப்பா போனுக்கு அனுப்பினாள். ஓடிபி எப்படியும் அவர் நம்பருக்குத்தான் வரும். பத்தேகாலுக்கு ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "ஏம்மா, அம்பது ரூவா தப்பிச்சுதா?" என்று கேட்டார்.

அவசரம் தீர்ந்ததும் புத்தி வேலை செய்தது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து, அப்பா போன் வழியாக அதன் உள் பக்கத்துக்குள் போனாள். அங்கே ஒரு பட்டியல். அனுமதிக்கப்பட்ட கருவிகள்: ஐந்து. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், ரவுட்டர்ல ஏதோ லிஸ்ட் இருக்கே, நீயாடா போட்ட?"

"ஆமாக்கா, மறந்தே போயிட்டேன். தெருப் பசங்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு தெரிஞ்சுபோச்சுன்னு போன தடவ லீவுக்கு வந்தப்ப போட்டேன். உன் போன்லகூட ஒரு செட்டிங் மாத்திவிட்டேனே?"

அந்த ஒரு செட்டிங்தான் எல்லாம். வை-ஃபை உள்ள எந்தக் கருவிக்கும் மேக் முகவரி என்று 12 எழுத்தில் ஓர் எண் உண்டு. மோட்டாரில் அடித்திருக்கும் சீரியல் நம்பர் மாதிரி. தம்பியின் பட்டியல் இந்த எண்ணை வைத்துத்தான் ஆள் அடையாளம் பார்த்தது. ஆனால் இன்றைய போன்கள் நிஜ எண்ணைச் சட்டென்று காட்டுவதில்லை. 2013 ஆகஸ்ட்டில் லண்டனில் தெருவோரக் குப்பைத் தொட்டிகள் (நிஜமாகவே குப்பைத் தொட்டிகள்தான்!) கடந்துபோகிறவர்களின் போன் எண்களைக் குறித்துக்கொள்வது வெளியே வந்து பெரிய விவகாரமாகி, நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. ஒரே எண்ணை எல்லா இடத்திலும் காட்டினால் ஆள் போகும் பாதையையே வரைந்துவிடலாம் அல்லவா? 2014-இல் ஐஓஎஸ் 8, வை-ஃபை தேடும்போது பொய் எண் காட்டத் தொடங்கியது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் இணைந்த பிறகும் பொய் எண்ணையே காட்டும்படி செய்தன. தம்பி, அக்கா போனில் வீட்டு வை-ஃபைக்கு மட்டும் நிஜ எண்ணைக் காட்டச் சொல்லியிருந்தான். அக்கா "மறந்துவிடு" என்றதும் போன் அதையும் சேர்த்து மறந்துவிட்டது. அப்டேட் பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

பொய் எண்ணைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. எண்ணின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனி கொடுத்த எண் இல்லை, போன் தானே போட்டுக்கொண்டது. அவள் போனில் இருந்தது 6.

அப்டேட்டே குற்றவாளியாக இருக்கிற கதைகளும் உண்டு. காலேஜ் வை-ஃபை வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். 2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11-க்கு ஒரு அப்டேட் வந்தது. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் நிறுவன வை-ஃபைகளில், சான்றிதழைச் "சரிபார்க்க வேண்டாம்" என்று ஒரு வாய்ப்பு இருக்கும். பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களிடம் அதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த அப்டேட் முதலில் பிக்சல் போன்களில் அந்த வாய்ப்பையே எடுத்துவிட்டது. போலி வை-ஃபை வைத்து பாஸ்வேர்டு திருடுவதைத் தடுக்கத்தான். நல்ல காரணம்தான். ஆனால் புதிதாக இணைய வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். அங்கே போனை எத்தனை தடவை ரீசெட் அடித்தாலும் பலனில்லை. கல்லூரிக்காரர்களிடம் சான்றிதழையும் சர்வர் பெயரையும் கேட்டு வாங்கிப் போட்டால்தான் வேலை நடக்கும்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு அவள் தம்பியின் பட்டியலைத் தூக்கிவிட்டு, வை-ஃபைக்குப் புதுப் பாஸ்வேர்டு வைத்தாள். சரியான முடிவு. மேக் எண்ணைக் காப்பியடிப்பது தெரிந்தவர்களுக்குப் பெரிய வேலை இல்லை, அந்த மாதிரிப் பட்டியல் வேலிக்குப் படலை சாத்தி வைத்தது போலத்தான். அவள் போன் உடனே இணைந்தது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. வீட்டில் இருப்பது அப்பா போன், அவள் போன், டிவி. தம்பி லீவுக்குக் கொண்டுவருவதைச் சேர்த்தால் நான்கு. பட்டியலில் இருந்தது ஐந்து.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. தம்பியோடு கிரிக்கெட் ஆடும் பக்கத்து வீட்டுப் பையன்.

"அக்கா, உங்க வீட்டு வை-ஃபைக்கு ஏதும் அப்டேட் வந்துச்சா? எனக்கு ராத்திரியிலிருந்து கிடைக்கல."