கீபோர்டா, லேப்டாப்பா? அக்கா மகனுக்கு வாங்கின கதை

இங்க நான் எப்பவும் கடலை, உளுந்து, மாடு, மழைன்னுதான் எழுதுவேன். இந்தத் தடவை பாட்டு வாசிக்கிற பெட்டியைப் பத்தி. விவசாயிக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். போட்ட பணம் கடலை வித்த பணமும் பால் பணமும். அதான் வேலை.

அக்கா மகனுக்கு இருபத்தாறு வயசு. மேடைக் கச்சேரிக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறான். எங்க திருவண்ணாமலை மாவட்டத்துல சித்திரையில ஆரம்பிச்சா ஆடி முடியிற வரைக்கும் தீமிதி, கூழ் ஊத்தறதுன்னு ஏதாவது ஒரு ஊர்ல மேடை இருக்கும். குழுக்காரர் பெட்டியில வாசிச்சா ராத்திரிக்கு 1,000 ரூபாய். சொந்தப் பெட்டி கொண்டு வந்தா 1,800 தரேன்னு சொல்லிட்டார். விழா இல்லாத மாசங்கள்ல பையன் வீட்டுலதான். அதனால கொட்டகையை ஒட்டின ரூம்ல சின்னதா ஸ்டுடியோ போட்டு, அம்மன் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு மியூசிக் எல்லாம் செஞ்சு தரலாம்னு அவனுக்கு யோசனை.

அக்கா மகளிர் குழுவுல 30,000 கடன் எடுத்தாங்க. நான் 10,000 போட்டேன். மாசத் தவணை 2,800. கறவை மாடு ரெண்டுல ஒண்ணு சினை. வாங்குற பொருள் சம்பாதிக்கலைன்னா தவணை பால் காசுலதான் போகணும்.

"மாமா, கீபோர்டே வேணாம். நல்ல லேப்டாப் ஒண்ணு வாங்கினா உள்ளயே ஆயிரம் வாத்தியம் இருக்கு" அப்படின்னான் பையன். அவன்கிட்ட ஏற்கனவே 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கு. குழுக்காரரோ, "கம்ப்யூட்டரை நம்பி மேடை ஏற முடியாது, கீபோர்டுதான்" அப்படின்னார். ஒரு மாசம் இதே பேச்சு. நானும் நாலு பேரைக் கேட்டு, கடையில நின்னு பார்த்து, இதுல என்னதான் வித்தியாசம்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல தெரிஞ்சது, கீபோர்டுக்குள்ளயும் இருக்கறது கம்ப்யூட்டர்தான். 1983-ல யமஹா டிஎக்ஸ்-7னு ஒரு சிந்தசைசர் கொண்டு வந்தாங்க. அது சத்தத்தைக் கணக்குப் போட்டுத்தான் உண்டாக்குச்சு. அதே கணக்கை இன்னைக்கு டெக்ஸெட்ங்கற இலவச சாப்ட்வேர் லேப்டாப்புல போடுது. அதனால இது நிஜம், அது போலின்னு பேசறதுல அர்த்தமில்ல.

அப்ப வித்தியாசம் எங்கே? மோட்டாருக்கும் டிராக்டருக்கும் உள்ள வித்தியாசம்தான். டிராக்டர் உழும், டிப்பர் இழுக்கும், பெல்ட் மாட்டினா கதிரும் அடிக்கும். மோட்டாருக்குத் தண்ணி இறைக்கிற ஒரே வேலை. ஆனா சுவிட்சைப் போட்டா அந்த ஒரு வேலை நடந்துடும். கீபோர்டு மோட்டார் மாதிரி. கரண்டு போய் வந்தா சில விநாடியில திரும்ப வாசிக்கலாம். லேப்டாப்புல பேட்டரி இருக்கறதால அது அணையாது, சரி. ஆனா வாசிக்கிற நேரத்துல வேற ஏதாவது அப்டேட் ஓடும், சூடாகும், சார்ஜர் ஒயர் வழியா ஸ்பீக்கர்ல இரைச்சல் கேக்கும்.

அடுத்தது தாமதம். கட்டையை அமுக்கினதும் சத்தம் வரணும். கம்ப்யூட்டர் ஒரு விநாடிச் சத்தத்தை 44,100 துண்டா நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வெளிய விடுது. 1,024 துண்டு சேரற வரைக்கும் நின்னா 23 மில்லி செகண்டு ஆகும். காத்துல சத்தம் விநாடிக்கு 343 மீட்டர் போகுது. அப்படின்னா 23 மில்லி செகண்டுங்கறது தவில்காரர் 26 அடி தள்ளி நின்னு அடிக்கிற மாதிரி. தாளம் கையில நிக்காது. 256 துண்டுன்னு குறைச்சா 6 மில்லி செகண்டுக்குள்ள வந்துடும், ஆனா பழைய லேப்டாப்பு தாங்காம கடலை வறுக்கற மாதிரி படபடன்னு பொரியும். இதுக்கு நல்ல ஆடியோ இன்டர்பேஸ், நல்ல லேப்டாப் ரெண்டும் வேணும். 40,000-ல ரெண்டுமே அரைகுறையாத்தான் வரும்.

அதுக்காக சாப்ட்வேரைக் குறைச்சுப் பேச மாட்டேன். ஸ்டுடியோ வேலைக்கு அதான் ராஜா. மிடின்னு ஒரு முறை இருக்கு, அதுவும் 1983-ல வந்ததுதான். அது சத்தத்தைப் பதியாது. எந்தக் கட்டை, எப்ப, எவ்வளவு அழுத்தம்ங்கறதை மட்டும் பதியும். ஒரு இடத்துல விரல் தப்பினா அந்தக் கட்டையை மட்டும் திருத்தலாம். பாடறவங்களுக்குச் சுருதி எட்டலைன்னா அரைக் கட்டை இறக்கலாம். புல்லாங்குழல்ல வாசிச்சதை வயலினா மாத்தலாம். சர்ஜ், வைட்டல் மாதிரி நல்ல சாப்ட்வேர் காசில்லாமலே கிடைக்குது. மாசச் சந்தா கட்டற சாப்ட்வேரும் உண்டு, அது வருஷா வருஷம் கடையில வாங்குற விதை மாதிரி. இலவசமானது பக்கத்து வீட்டுல மாத்தி வாங்குற விதை மாதிரி. கடன் வாங்கினவன் எதுல ஆரம்பிக்கணும்னு நான் சொல்ல வேணாம்.

இன்னொண்ணு, நம்ம பாட்டுக்குக் கமகம் வேணும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வழுக்கணும். ஆர்மோனியத்துல அது வராதுங்கறதும் ஒரு காரணமாத்தான் 1940-ல அகில இந்திய வானொலி அதுக்குத் தடை போட்டுச்சு. 1971-லதான் தளர்த்தினாங்க. பஜனை கோயில்ல முப்பது வருஷமா ஆர்மோனியம் போடறவன் நான், எனக்கு அதுல வருத்தம் உண்டு. ஆனா குறை உண்மைதான். கீபோர்டுல அதுக்கு இடது பக்கம் பிட்ச் பெண்டு சக்கரம் இருக்கு. விலை கம்மியான பல பெட்டிகள்ல இது கிடையாது. அம்மன் பாட்டுக்கு நாயனச் சத்தம் வாசிக்கிறவனுக்கு அது இல்லாத பெட்டி வீண்.

கடைசியா ஒரு நாள் அவன்கிட்ட கேட்டேன். "மாப்ள, முதல் தவணை எதுல இருந்து வரும், ரூம்ல இருந்தா, மேடையில இருந்தா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "மேடைதான் மாமா" அப்படின்னான். முடிஞ்சு போச்சு.

61 கட்டை, அழுத்தத்துக்குத் தகுந்த சத்தம், பிட்ச் பெண்டு, கம்ப்யூட்டரோட சேர்க்க யுஎஸ்பி. இந்த நாலும் உள்ள கீபோர்டு வாங்கினோம். யுஎஸ்பி ஒயரைப் போட்டா அதுவே பழைய லேப்டாப்புக்கு மிடி கீபோர்டு. வாசிக்கும்போது பெட்டிச் சத்தத்தையே கேட்டு வாசிக்கிறான், லேப்டாப்பு மிடியை மட்டும் பதியுது. அதனால தாமதம் தெரியறதில்ல. பதிஞ்ச பிறகு சாப்ட்வேர் வாத்தியத்தை நிதானமா ஏத்திக்கறான். மிச்சப் பணத்துல ஒரு மைக், ஒரு சின்ன இன்டர்பேஸ்.

இந்த சீசன்ல 11 ராத்திரி வாசிச்சான். கூடுதலா வந்தது 8,800. மூணு தவணை அதுலயே கட்டியாச்சு, மாட்டுப் பணத்தைத் தொடலை. பக்கத்து ஊர்க்காரங்க ஒரு அம்மன் பாட்டு செஞ்சுக்கிட்டு 3,000 குடுத்தாங்க. ஐப்பசி, கார்த்திகையில மேடை இருக்காது. அந்த ரெண்டு மாசத் தவணைக்கு அந்த ரூம்தான் பதில் சொல்லணும். அக்கா ஜன்னலுக்குக் கோணி தைச்சுக் கட்டியிருக்காங்க, மாடு கத்தறது மைக்ல விழக் கூடாதாம்.