முறைத் தண்ணி

ரெண்டு குழந்தை இருக்குற வீட்ல, ஒண்ணை மட்டும் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போறேன்னு சொல்லிப் பாருங்க. முதல்ல கிடைக்கிறது முறைப்புதான். "அது என்னடா ஓரவஞ்சனை?"ன்னு எங்கம்மா கேட்டாங்க. தங்கமணி மட்டும் ஒண்ணும் சொல்லல. அவங்களுக்கு விஷயம் தெரியும்.

பெரியவளுக்கு ஆறு வயசு. சின்னவன் பிறந்து ஏழு மாசம். அவன் வந்ததுல இருந்து குட்டிம்மா அடம் பிடிக்கல, அழல. அதுக்குப் பதிலா ஒரு புதுப் பழக்கம். ஏதாவது சொல்ல ஆரம்பிப்பா, பாதியில நிறுத்திட்டு "தம்பி தூங்கட்டும்ப்பா, அப்புறம் சொல்றேன்"னுவா. அந்த அப்புறம் பெரும்பாலும் வரவே வராது. சமத்துப் பொண்ணுன்னு ஊரே மெச்சுச்சு. எனக்கு அந்த சமத்துதான் வயித்தைக் கலக்குச்சு.

அதனால ஆகஸ்ட் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, உழவன் எக்ஸ்பிரஸ்ல நாங்க ரெண்டு பேர் மட்டும் தஞ்சாவூர் கிளம்பினோம். பொட்டி (அதாங்க, லேப்டாப்) வீட்லயே இருந்துச்சு.

குடும்பமா பெரிய கோயில் போனா எப்படின்னு உங்களுக்கே தெரியும். நந்தி, சாமி, போட்டோ, "வெயில் ஏறுது கிளம்பு கிளம்பு". ஒத்தை ஆளோட போனா அப்படி இல்லீங்க. அந்த ஆள் எங்க நிக்குதோ அங்கதான் நாமளும் நிக்கணும். பத்து மணிக்குத் தரை சுட ஆரம்பிச்சதும் குட்டிம்மா தத்தித் தத்தி ஓடிப்போய் விமானத்துக்குப் பின்னாடி, மேற்குப் பக்கம் நின்னுட்டு, "இங்க சுடலப்பா"ன்னு கத்தினா. ஏறக்குறைய 60 மீட்டர் உயரக் கோபுரத்தோட நிழல் அது. பக்கத்துல ஒருத்தர் ஒரு கூட்டத்துக்கு "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது"ன்னு சொல்லிட்டிருந்தார். இவ என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, காலைப் பார்த்தா. "அப்ப இது யாரோட நிழலு?" சூரியன் நேர் உச்சியில இருக்கும்போது நிழல் அடித்தளத்துக்குள்ளயே அடங்கிடும், மத்த நேரம் நல்லாவே விழும்னு சொன்னேன்.

அங்கயே உக்காந்து கல்வெட்டைத் தடவிக்கிட்டு இருந்தா. அதுல 'ட' மட்டும் கண்டுபிடிச்சுப் படிச்சுட்டா. "இதுல என்னப்பா எழுதியிருக்கு?"

இந்தக் கேள்விக்காகவே வந்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு. 1010-ல கோயில் கட்டி முடிச்ச ராஜராஜன், தன்னோட 26-வது ஆட்சியாண்டுல போட்ட உத்தரவு ஒண்ணு இங்க இருக்கு. கோயிலுக்குத் தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் மனைவிமார் கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது, எல்லாத்தையும் கல்லுல வெட்டச் சொன்ன உத்தரவு.

"அக்கா ரெண்டாவதா?"

"ஆமா. ராஜாவுக்கு அடுத்து அக்காதான். ராணிங்களே அப்புறம்தான். அக்கா பேரு குந்தவை. அவங்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புல திருமேனி செஞ்சு இந்தக் கோயிலுக்குக் கொடுத்திருக்காங்க."

கொஞ்ச நேரம் யோசிச்சா. "தம்பி பொறந்தப்ப அந்த அக்காவுக்குக் கோவம் வரலையா?"

"அதைக் கல்லுல எழுதலியேம்மா."

"எனக்குக் கொஞ்சம் இருக்கு"ன்னா.

எவ்வளவுன்னு கேட்டேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரிச்சுக் காட்டினா. அவ்வளவுதான். ஏழு மாசமா வராத 'அப்புறம்' அன்னிக்கு வந்துச்சு. தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. அந்த நிழல்ல இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தோம்.

மதியத்துக்கு மேல வாடகைக் கார் பிடிச்சு கல்லணை. கரிகால் சோழன் கட்டினதுன்னு காலங்காலமா சொல்றது. மணல்ல கல்லைப் போட்டே ஆத்தை மறிச்ச அந்த வித்தையைப் பார்த்துதான் ஆர்தர் காட்டன் கோதாவரியில தவளேஸ்வரம் அணையைக் கட்டினார், 1852-ல முடிஞ்சுது. குட்டிம்மாவுக்கு இதெல்லாம் ஏறல. அவ ஷட்டரைத்தான் எண்ணினா. காவிரி, வெண்ணாறு, 1934-ல வந்த கல்லணைக் கால்வாய், வெள்ளம் வந்தா வடியக் கொள்ளிடம்னு தண்ணி நாலாப் பிரியுறதைக் காட்டினேன்.

"பிரிச்சா குறைஞ்சிடாதா?"

குறையாதுன்னு பொய் சொல்ல மனசு வரல. குறையத்தான் செய்யும். மேட்டூர்ல தண்ணி பத்தாத வருஷத்துல எல்லாத்தையும் ஒண்ணாத் திறந்தா, எந்த ஆத்துலயும் கடைமடை வரைக்கும் தண்ணி போய்ச் சேராது. வழியிலயே வத்திடும். அதனாலதான் முறை வைக்கிறாங்க. சில நாள் இந்த ஆத்துக்கு, சில நாள் அந்த ஆத்துக்கு. உன் முறை வரும்போது நிறைய வரும், கடைசி வயல் வரைக்கும் வரும்னு சொன்னேன். "இன்னிக்கு என் முறையா?"ன்னா. ஆமாங்க, அவ்வளவேதான் விஷயம். டெல்டா விவசாயிக்குத் தெரிஞ்ச கணக்கு இது. இருக்குற நேரத்தை தினமும் சரிபாதியாப் பிரிச்சுக் கொடுக்கறதுதான் நியாயம்னு தோணும். ஆனா சில விஷயங்கள் கடைமடையில கிடக்கு. அங்க போய்ச் சேர ஒரு நாள் முழுத் தண்ணியும் ஒரே பக்கம் போகணும்.

திரும்பற வழியில திருவையாறுல அசோகா அல்வா. ராத்திரி ரயில்ல, கோயில் வாசல்ல வாங்கின தலையாட்டி பொம்மையை மடியில வச்சுக்கிட்டு விடாமப் பேசினா. ஸ்கூல்ல ஒரு பொண்ணு இவகூடப் பேசுறதில்லையாம், ஜூன் மாசத்துல இருந்து. பொம்மை தம்பிக்கான்னு கேட்டேன். "இல்ல, எனக்கு. அவன் முறைக்கு வரும்போது அவனுக்கு வாங்கிக்கலாம்."

டிஸ்கி: இப்போ மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பெரியவ முறை. தஞ்சாவூர் வரைக்கும் எல்லாம் இல்லீங்க, பக்கத்துப் பூங்காதான். எங்கம்மா? அசோகா அல்வா உபயத்துல சமாதானம் ஆயிட்டாங்க.