கரண்டு வெச்சா தாங்குவாரா?

திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் அந்த அம்மா பத்து தடவை கேட்டுவிட்டார்: "இவருக்கு பிரஷர் இருக்கே, கரண்டு வெச்சா தாங்குவாரா?" கணவர் சாப்பிட்டே நாலு நாள், மனச்சோர்வு.

சினிமாவில் வருவதுபோல் இல்லைங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்சிகிச்சை தரக்கூடாது. ஆனாலும் கேள்வி சரிதான். மின்சாரம் பாய்ந்ததும் நாடித்துடிப்பு சில நொடிகள் குறையலாம். மூளையில் வலிப்பு தொடங்கியதும் துடிப்பும் பிரஷரும் எகிறி, சில நிமிடங்களில் அடங்கும். குறைந்தால் அட்ரோபின், எகிறினால் எஸ்மோலால், லேபெட்டலால் என்று மயக்க மருத்துவர் தயாராக இருப்பார். எஸ்மோலாலின் வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். பிரஷர் தானாக இறங்கும்போது அதுவும் விலகிக்கொள்ளும்.

சொன்னால் வைத்தியம் பார்க்க மாட்டார்களோ என்று பைக்குள்ளேயே வைத்திருந்த பிரஷர் மாத்திரை அட்டையை, கடைசியில் அந்த அம்மா டாக்டர் மேஜையில் வைத்தார். டாக்டருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதானே?