உரத்தை நிறுத்துங்க, பூவை வெட்டுங்க: ஒரு காஸ்மோஸ் த்ரெட்

1/ போன வாரம் என் ஓபி மேசையில இருந்த பூவை போட்டோ போட்டதும், "என்ன பூ டாக்டர், எப்படி வளர்த்தீங்க?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அது காஸ்மோஸ். விதை போட்டு வளர்த்தது. முதல் வருஷம் மொத்தமா சொதப்பினேன். அதையும் சேர்த்தே சொல்றேன்.

2/ காஸ்மோஸுக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. சாமந்தி, சூரியகாந்தி குடும்பம். நம்ம பக்கம் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ரோஸ், வெள்ளை, கருஞ்சிவப்பில் பூக்கும் வகைக்கு இலை சோம்புச் செடி மாதிரி மெல்லிசா இருக்கும். மஞ்சள், ஆரஞ்சில் பூப்பதற்கு இலை கொஞ்சம் அகலம், வெயிலையும் நல்லா தாங்கும்.

3/ முதல் தடவை குவார்ட்டர்ஸ் வாசல்ல விதைச்சப்போ ஆசை தாங்கல. தொழு உரம், மண்புழு உரம், போதாததுக்கு வாரா வாரம் டிஏபி. தினமும் தண்ணி. செடி என் உயரத்துக்கு வந்துச்சு, பச்சைப் பசேல்னு. பூ மட்டும் இல்ல. ஒருநாள் காத்துல மொத்தமா சாஞ்சிடுச்சு.

4/ எங்க ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்குற அக்கா பார்த்துட்டு, "ரொம்பக் குடுத்துட்டீங்க மேடம். கொஞ்சம் காயவிட்டாத்தான் பூக்கும்"னாங்க. சரிதான். தழைச்சத்து அதிகமானா காஸ்மோஸ் இலையா விட்டுத் தள்ளும், பூக்காது.

5/ அதே வாரம் எழுபது வயசைத் தாண்டின ஐயா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. தலைசுத்தி விழுந்து நெத்தியில தையல். மஞ்சப்பையைக் கொட்டினா பதினொரு மாத்திரை. தூக்கத்துக்கு ஒண்ணு, கால் வீக்கத்துக்கு ஒண்ணு, பிரஷருக்கு மூணு. ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருந்தது.

6/ அந்தப் பதினொண்ணுல ரெண்டு என் கையெழுத்து. ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு புகார் சொல்லியிருக்கார், நான் ஒண்ணைச் சேர்த்திருக்கேன். எதையும் எடுத்துப் பார்க்கல. யூனிட் சீஃப் கூட உட்கார்ந்து ஒவ்வொண்ணா குறைச்சு நாலுல நிறுத்தினோம். பத்து நாள்ல நடந்தே வீட்டுக்குப் போனார். (நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. மொத்த மாத்திரையையும் எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க.)

7/ அடுத்த வருஷம் கார்த்திகைக் கடைசியில, பெரிய மழை ஓஞ்சதும் விதைச்சேன். நல்ல வெயில் படுற இடம், சாதாரண மண். கால் அங்குல ஆழம் போதும். ஒரு வாரம், பத்து நாள்ல முளைச்சிடும். செடிக்குச் செடி ஒரு அடி விட்டு மீதியைக் களைஞ்சிடுங்க. உரம் கிடையாது. வேர் பிடிச்சப்புறம் மண் காஞ்சா மட்டும் தண்ணி.

8/ செடி ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளிடணும். பக்கக் கிளை நிறைய வரும், அவ்வளவு பூ. எனக்குத் தை முடியும்போது பூத்துச்சு.

9/ அடுத்த கஷ்டம் வெட்டுறது. எங்க வீட்டுல பூ பறிச்சா சாமிக்கு, இல்லன்னா தலைக்கு. சும்மா டம்ளர்ல வைக்கவா வெட்டுறேன்னு அம்மாவுக்கே கோபம். ஆனா பூவைச் செடியிலயே விட்டா விதை பிடிக்கும். விதை பிடிச்சா பூ குறையும். வெட்ட வெட்டத்தான் அடுத்த மொட்டு.

10/ விடியக்காலையில, இதழ் அப்பதான் விரியுற பூவா பார்த்து, இலைக் கணுவுக்குக் கொஞ்சம் மேல வெட்டுங்க. தண்ணிக்குள்ள போற இலையை உருவிடுங்க. தினம் தண்ணி மாத்தினா நாலஞ்சு நாள் தாங்கும். வார்டுல வைக்கிறதில்ல. பூ வச்ச தண்ணியில பாக்டீரியா பெருகும். அதான் ஓபி மேசை.

11/ அந்த ஐயா இப்ப மாசா மாசம் வர்றார். போன வாரம் பூவைப் பார்த்துட்டு, "இது சாமிக்கு ஆகுமாம்மா?"ன்னார். "சும்மா பார்க்கத்தான் ஐயா"ன்னேன். சிரிச்சுட்டு விதை கேட்டார்.

12/ கடைசியா நாலு பூவை வெட்டாம விட்டிருந்தேன். காஞ்சதும் ஊசி மாதிரி கருப்பு விதை. பழைய ஓபி சீட்டுல மடிச்சு, மேலேயே எழுதிக் கொடுத்தேன்: "உரம் வேண்டாம். தினம் தண்ணி வேண்டாம். பூத்தால் வெட்டவும்." எனக்கும் சேர்த்துத்தான் எழுதினேன்.