யாயினி... யாளினி... யாழினி!

அக்கா பொண்ணுக்கு ‘யாழினி’ன்னு பேர் தேர்ந்தெடுத்தது தாய்மாமன் நான்தான். காதுகுத்து கார்டுலயும் அடிச்சாச்சு. ஆனா, பிறப்புச் சான்றிதழ்ல மட்டும் இன்னும் ஏத்தலை. பேர் சேர்க்க 12 மாசம் வரைக்கும் கட்டணம் இல்லை; பாப்பாவுக்கு 11 முடியப்போகுது! ‘‘சொந்தக்காரங்க வாய்லயே வராத பேரு எதுக்குடா? கார்டு கொடுக்கிற இடத்துல எல்லாம் படிக்கச் சொல்லிக் கேளு. அப்புறம் முடிவு பண்ணலாம்’’னு அக்கா சொல்லிட்டா. பையைத் தூக்கிட்டுக் கிளம்பினேன்.

முதல் கார்டு ராயபுரம். 1856-ல திறந்த ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி, மாமாவோட பெரியம்மா வீடு. கண்ணாடி மாட்டிப் படிச்சாங்க. ‘‘யாயினி... இன்னா தம்பி, வாய்லயே நொயய மாட்டேங்குது?’’

‘நுழைய’வே நொயயன்னா, யாழினி எப்படிங்க பிழைப்பா?

ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு, விடியக்காலை மதுரை. அப்பத்தா கார்டைத் தடவிப் பார்த்துட்டு, ‘‘யாளினி’’ன்னுச்சு. உடனே ஒரு சந்தேகம். ‘‘யாளியாடா? மீனாச்சி கோயில்ல தூணுக்குத் தூணு நிக்குமே, அதுவா? பொம்பளப் புள்ளைக்கா?’’ நரம்பு வாத்தியம்னு விளக்கினேன். ‘‘ஓ... யாளு!’’ அதுக்கு மேல நான் பேசலை.

மேட்டர் இவ்வளவுதான். நாக்கை மடிச்சு மேலண்ணத்தைத் தொட்டா ‘ள’. மடிச்சும் தொடாம நிறுத்தினா ‘ழ’. மடிக்கவே சோம்பல்பட்டா ‘ய’. எல்லாம் மில்லிமீட்டர் சமாசாரம்! காலேஜ் வொர்க்‌ஷாப்ல இதுக்கெல்லாம் பீஸை ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. அப்பத்தாவை யார் ரிஜெக்ட் பண்றது? வீடியோ கால்ல அது ‘‘யாளினீ...’’ன்னு இழுத்ததும், பாப்பா போனைப் பிடுங்கக் கையை நீட்டினா.

கடைசி கார்டு நாகர்கோவில் சித்தப்பாவுக்கு. 1956-ல தமிழ்நாட்டோட இணைஞ்ச மாவட்டம். பக்கத்து மலையாளத்துலயும் ‘ழ’ உசிரோட இருக்கு. சித்தப்பா அலட்டாம, ‘‘யாழினி. நல்ல பேராக்கும்’’னார். அச்சு அசல் ‘ழ’! ஆனா, யாரோ வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அக்காகிட்ட அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘‘வந்து ஃபாரத்தை நிரப்பு’’ன்னா.

திங்கட்கிழமை ஆபீஸ்ல க்யூ. கவுன்ட்டர்ல இருந்தவர் ஃபாரத்தைப் பார்த்துட்டு, ‘‘யாயினியா சார்? இங்கிலீஷ்ல இசட்-ஹெச் போடவா, எல் போடவா?’’ன்னார்.

‘‘இசட்-ஹெச்’’னு அக்கா முந்திக்கிட்டா.